பூப்பந்தி விசாரித்தவர்

பெங்களூருக்கு எந்த மாதம் போய் இறங்கினாலும் சரி, ஊரில் ஏதோ ஒரு தெரு பூத்துக் கிடக்கும்! தை பிறக்கும்போது இலையெல்லாம் உதிர்த்துவிட்ட தபேபுயா மரங்கள் உச்சி முதல் அடிக்கிளை வரை ரோஜா நிறத்தில் நிற்கும். அது கொட்டித் தீர்வதற்குள் மஞ்சள் தபேபுயா தொடங்கிவிடும். மாசி பங்குனியில் ஜகரண்டாவின் ஊதா. சித்திரையில் நம்ம ஊர்ச் சரக்கொன்றை தொங்கும். கூடவே குல்மொஹர் தெருத் தெருவாகப் பற்றிக்கொள்ளும். பூமருது, இயல்வாகை, தூங்குமூஞ்சி என்று கோடை முழுக்க ஒரே கொண்டாட்டம். மழைக்காலத்திலும் ஓய்வில்லை. ஆப்பிரிக்க டியூலிப் மரங்கள் உச்சியில் ஆரஞ்சுக் கிண்ணங்களைத் தூக்கிப் பிடிக்கும். ஐப்பசி கார்த்திகை வந்தால் மரமல்லி. இரவெல்லாம் உதிர்ந்து, விடியும்போது நடைபாதை வெள்ளையாகி, தெருமுனை வரை மணக்கும்.

இத்தனையும் தானாக அமைந்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை! ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். எந்த மரம் எந்த மாதம் பூக்கும், அது உதிரும்போது அடுத்து எது தயாராக இருக்க வேண்டும், எந்தச் சாலைக்கு எந்த நிறம் என்று மனசுக்குள் ஒரு பஞ்சாங்கமே போட்டு வைத்திருந்திருக்கிறார். அவரைத் தேடித் திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்த சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

பெயர் குஸ்தாவ் ஹெர்மான் க்ரும்பீகல். ஜெர்மனிக்காரர். 1865 டிசம்பர் 18 அன்று டிரெஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் லோமென் என்ற ஊரில் பிறந்தவர். 1956 பிப்ரவரி 8 அன்று, தொண்ணூறு வயதில், பெங்களூரில் கண்ணை மூடினார். ஓசூர் சாலையில் உள்ள மெதடிஸ்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். நடுவில் அறுபத்து மூன்று ஆண்டுகள் இந்தியாவில் இருந்திருக்கிறார். அதில் இருபத்து நான்கு ஆண்டுகள் மைசூர் சமஸ்தானத்துக்கு. பெங்களூரின் லால்பாக் தோட்டத்தின் ஓரமாகப் போகும் க்ரும்பீகல் சாலைக்கு இவர் பெயர்தான். ஆட்டோக்காரர்கள் அந்தப் பெயரை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் சரியான இடத்தில் இறக்கிவிடுவார்கள்.

நம் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி விசாரிக்க ஒரு பெரியப்பா இருப்பாரே, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். தான் உட்கார மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலைக்கு இலை பார்த்தபடி நடப்பார். சாம்பார் முடிகிற இலைக்கு ரசம் வந்தாக வேண்டும். ரசம் முடிவதற்குள் பாயசத் தூக்கு வாசலில் நிற்க வேண்டும். ஒரு இலையும் காலியாகத் தெரியக் கூடாது. க்ரும்பீகல் ஒரு ஊருக்கே அந்த வேலையைப் பார்த்தார். பன்னிரண்டு மாதமும் இலை காலியாகாமல் பூவாகப் பரிமாற ஏற்பாடு செய்தார். தொடர்பூப்பு என்று சொல்கிறார்களே, அது இதுதான்.

இந்தக் கை எங்கே பழகியது? எல்ப் நதிக்கரையில் பில்னிட்ஸ் என்று ஓர் அரண்மனைத் தோட்டம். சாக்சனி அரசர்களின் கோடை மாளிகை. இளவயதில் தோட்டக்கலை பயின்றது அங்கே. அந்தத் தோட்டத்தில் 1801-இல் நட்ட ஒரு கமேலியா மரம் இன்றும் இருக்கிறது. உறைபனி தாங்காத ஜாதி. அதனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மரத்தைச் சுற்றி ஒரு மர வீடு கட்டுவார்கள், வசந்தம் வந்ததும் பிரித்துவிடுவார்கள். 1905 ஜனவரியில் அந்த வீடு தீப்பிடித்தது. அணைக்க ஊற்றிய தண்ணீர் மரத்தின்மேல் பனிக்கட்டியாக உறைந்தது. மரம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருக்க, அது துளிர்த்துவிட்டது! இப்போது அதற்கென்றே தண்டவாளத்தில் நகரும் 54 டன் கண்ணாடி வீடு. ஒரே ஒரு மரத்துக்கு! இப்படி மரத்துக்குப் போர்வை போர்த்துகிற தோட்டத்தில் பழகிய பையன், ஊர் ஊராக மரம் வைக்கிற ஆளாக வளர்ந்ததில் ஆச்சரியமே இல்லை.

பிறகு ஷ்வெரின், ஹாம்பர்க். 1888-இல் லண்டன். முதலில் ஹைட் பார்க்கின் பூப்பாத்திகள், அப்புறம் உலகத் தாவரவியலின் தலைமை மடமான கியூ தோட்டம். அங்கிருந்து 1893-இல் பரோடா மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட் இவரைக் கூட்டிவந்துவிட்டார். பதினைந்து வருஷம் பரோடாவின் தோட்டங்கள். 1908-இல் மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் லால்பாகை இவர் கையில் கொடுத்தபோது வயது நாற்பத்திரண்டு.

அந்த வயதில் ஒருவர் ஒரு மரக்கன்றை நடுகிறார் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். குல்மொஹர் கன்று நன்றாகப் பூத்து நிழல் கட்டப் பல வருஷம் ஆகும். தூங்குமூஞ்சி மரம் ஒரு சாலையின் இரண்டு ஓரத்தையும் குடையாக மூட அதைவிட வெகுகாலம் பிடிக்கும். நடுகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் குச்சியும் வேலியும் தண்ணீர்க் குடமும்தான். நல்லவேளை, க்ரும்பீகலுக்குத் தீர்க்காயுசு. தன் மரங்கள் பூப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சரி, அந்தப் பஞ்சாங்கத்தின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது!

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. உறைபனி கிடையாது, சென்னை வெயிலும் கிடையாது. தென்மேற்கும் கொஞ்சம் பெய்யும், வடகிழக்கும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். நடுவில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை வறண்ட, இதமான சில மாதங்கள். ஐரோப்பாவில் மரம் பூக்க ஒரு வசந்தம்தான் உண்டு. அதை விட்டால் அடுத்த வருஷம். இங்கே எந்த மாதமும் ஏதோ ஒரு நாட்டு மரத்துக்கு வசந்தமாக இருக்கிறது. தென் அமெரிக்க ஜகரண்டா, மடகாஸ்கர் குல்மொஹர், பர்மாப் பக்கத்து மரமல்லி, மேற்கு ஆப்பிரிக்க டியூலிப் மரம் எல்லாமே இந்தச் சீதோஷ்ணத்தை ஏற்றுக்கொண்டன. ஒவ்வொன்றும் தன் சொந்த ஊர்க் கடிகாரத்தோடு வந்தது. அந்தக் கடிகாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவைத்ததுதான் சாமர்த்தியம்.

தபேபுயாவின் தந்திரத்தைக் கேளுங்கள். வறட்சி தொடங்கியதும் இலைகளை உதிர்த்துத் தண்ணீரை மிச்சப்படுத்தும். மொட்டைக் கிளையாக நிற்கும்போது மொத்தப் பூவையும் ஒரே வீச்சில் திறந்துவிடும். இலை மறைக்காததால் தேனீக்கள் தூரத்திலிருந்தே பார்த்து ஓடிவரும். ஆனால் அந்தக் கோலாகலம் பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம். தோட்டக்காரர் அதை மட்டும் நம்பித் தெருவை ஒப்படைக்க முடியாது. குல்மொஹர் நிதானக்காரி, வாரக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும். ஆக, அவசரக்கார மரத்தையும் நிதானமான மரத்தையும் மாற்றி மாற்றி வைத்தால் இடைவெளி விழாது. நடுவில் எதிர்பாராத மழை வந்து ஒன்று தாமதித்தாலும் இன்னொன்று தாங்கிப் பிடிக்கும். இதையெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், வருஷா வருஷம் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். நினைத்தாலே சிலிர்க்கிறது.

எல்லாப் பூவையும் க்ரும்பீகல் கணக்கிலேயே எழுதிவிடுவது நியாயமில்லை. அவருக்கு முன்னால் லால்பாகைப் பார்த்துக்கொண்டவர் ஜான் கேமரன். 1874-இலிருந்து 1908 வரை, முப்பத்து நான்கு வருஷம். கண்ணாடி மாளிகை அவர் காலத்தில் வந்தது. 1889 நவம்பர் 30 அன்று இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். நம் சமையலறைக்கும் கேமரன் ஒரு பரிசு கொடுத்திருக்கிறார்: சௌசௌ! மெக்சிகோப் பக்கத்துக் காய். லால்பாகில் வளர்த்துப் பரப்பியது அவர்தான். நம் பாட்டிமார்கள் அதைப் பெங்களூர் கத்தரிக்காய் என்று சொல்லிக் கூட்டு வைத்ததன் பின்கதை இங்கேதான் இருக்கிறது. அதேபோல, இன்று தையில் தெருக்களை ரோஜா நிறமாக்கும் மரங்களில் பெரும்பங்கு 1980-களில் வைத்தவை. எஸ்.ஜி. நெகினஹாள் என்ற வனத்துறை அதிகாரி அப்போது நகரம் முழுவதும் சுமார் 15 லட்சம் மரங்களை நட்டார். கன்றை ஆடு கடிக்காமல் காத்து, வீட்டுக்காரர்களையே காவலாக்கி வளர்த்தெடுத்த அந்த மனிதர் 2021-இல் காலமானார். க்ரும்பீகல் எழுதிவைத்த யோசனைக்கு அரை நூற்றாண்டு கழித்து இவர் கை கொடுத்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் உள்ளே போனால் தமிழ் கேட்கும்! லால்பாக் 1760-இல் ஹைதர் அலி நாற்பது ஏக்கரில் தொடங்கிய தோட்டம். இன்று 240 ஏக்கர். பூச்செடி வளர்க்கக் கை தேர்ந்த குடும்பங்களைத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஹைதர் வரவழைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. திகளர் என்று அவர்களை அழைக்கிறார்கள். வீட்டில் கன்னடமும் தெலுங்கும் கலந்த ஒரு பழந்தமிழ் பேசுகிறவர்கள் அவர்களில் இன்றும் உண்டு. லால்பாகைச் சுற்றியிருந்த தோட்டங்களும் காய்கறிப் பாத்திகளும் இவர்கள் உழைப்பு. சித்திரைப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் பெங்களூர் கரகம் இவர்களுடைய திருவிழா. தலையில் மல்லிகைச் சரம் சுற்றிய கூம்புக் கரகம், சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். கொண்டாடப்படுகிற தெய்வம் திரௌபதி. செஞ்சிப் பக்கத்திலும் வட ஆர்க்காட்டிலும் தீமிதி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் சொந்தம் தெரியும். க்ரும்பீகல் வரைந்த திட்டத்தைக் குழி வெட்டி, எருப் போட்டு, தண்ணீர் சுமந்து மரமாக்கிய கைகளுக்கு வரலாற்றில் தனித்தனிப் பெயர் இல்லை. அந்தக் கைகள் இல்லாமல் திட்டம் வெறும் தாள்.

க்ரும்பீகலின் மேசையில் பூ மட்டும் இருந்ததில்லை. அவர் பதவியின் பெயரிலேயே பொருளாதாரத் தாவரவியல் இருந்தது. சோயா, அமெரிக்கச் சோளம், ஜாவா நெல் வகைகள் என்று பலவற்றை வெளிநாடுகளிலிருந்து விதையாக வரவழைத்து இந்த மண்ணில் போட்டுப் பார்த்தார். பதிலுக்கு லால்பாக் விதைகள் கப்பலேறின. ஒரு பொட்டலம் விதை வந்தால் அதைப் பிரித்து, முளைக்க வைத்து, எந்த நிழலில் நிற்கிறது, எந்த மழையில் அழுகுகிறது என்று குறித்துக்கொண்டு காத்திருப்பது. தோட்டத்தின் உண்மையான திரைமறைவு இந்தக் காத்திருப்புதான். 1912-இல் மைசூர் தோட்டக்கலைச் சங்கம் உருவானது. லால்பாகில் தோட்டக்கலைப் பயிற்சியும் நடந்தது. அரண்மனைக்கு மட்டும் தோட்டம் என்ற நிலை மாறி, வீட்டுவாசலில் நாலு தொட்டி வைத்திருப்பவரும் இந்த விளையாட்டுக்குள் வந்தார்.

வீட்டு மனிதர் அவர். மனைவி மக்களோடு இந்த ஊரையே குடியிருக்கும் ஊராக்கிக்கொண்டார். இரண்டு உலகப் போர்களிலும், பிறப்பால் ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காக, பிரிட்டிஷ் அரசு அவரைக் காவலில் வைத்தது. முதல் போர் தொடங்கியபோது நாற்பத்தெட்டு வயது. இரண்டாவதின்போது எழுபதைத் தாண்டியாயிற்று. செடிகளையும் குடும்பத்தையும் விட்டுப் பிரித்துவைத்த அந்த நாட்களை நினைக்கும்போது மனசு கனக்கிறது. அதன் பிறகும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை என்பதுதான் பெரிய விஷயம். 1932-இல் ஓய்வு பெற்றார். கப்பலேறி டிரெஸ்டன் திரும்பியிருக்கலாம், மனைவியோடு லண்டனில் குடியேறியிருக்கலாம். இருபத்து நான்கு வருஷம் இங்கேயே இருந்தார். யார் தோட்டம் பற்றிக் கேட்டாலும், எந்த சமஸ்தானம் கூப்பிட்டாலும் யோசனை சொன்னார். கட்டடம், சாலை, பூங்கா என்று நகரத்தின் அமைப்பிலும் அவர் கருத்து கேட்கப்பட்டது. அவருடைய கொள்ளுப்பேத்தி பல தலைமுறை கழித்து லண்டனிலிருந்து பெங்களூர் வந்து தாத்தாவின் மரங்களைத் தேடிப் பார்த்தார். குடும்பத்துக்குச் சொத்து என்று சொல்லிக் காட்ட ஒரு ஊர் நிறைய மரம்! இதைவிட என்ன வேண்டும்?

பிருந்தாவனத் தோட்டத்தைச் சொல்லாமல் விட்டால் எங்கள் தலைமுறை கோபித்துக்கொள்ளும். கண்ணம்பாடி அணைக்குக் கீழே, திவான் மிர்சா இஸ்மாயிலின் ஆசையும் க்ரும்பீகலின் வடிவமும் சேர்ந்து 1927-இலிருந்து 1932-க்குள் எழுந்த தோட்டம். படிப்படியாக இறங்கும் தளம், நடுவில் ஓடும் நீர், மாலையில் விளக்கு போட்ட நீரூற்று. தமிழ்ப் படங்களில் எத்தனை ஜோடிகள் அங்கே ஓடி ஆடியிருக்கிறார்கள்! அணையின் வறட்டுச் சுவருக்குக் கீழே இப்படி ஒரு சொர்க்கம் வரலாம் என்று முதலில் கண்டவர் மிர்சா. அந்தக் கனவுக்கு அளவும் சரிவும் செடியும் கொடுத்தவர் க்ரும்பீகல்.

அவருக்குப் பின் லால்பாகுக்கு வந்தவர் எச்.சி. ஜவராயா. அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். பத்ராவதி இரும்பைக் கொண்டு கண்ணாடி மாளிகையின் கிழக்குச் சிறகை 1935-இல் கட்டி முடித்தார். அவருக்குப் பின்னால் எம்.எச். மரிகௌடா. ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பியவர். லால்பாகின் வேலியைத் தாண்டி மாநிலமெங்கும் நூற்றுக்கணக்கான பழப் பண்ணைகளையும் நாற்றங்கால்களையும் உண்டாக்கினார். அவர் பிறந்த நாளான ஆகஸ்டு 8-ஐத்தான் கர்நாடகம் தோட்டக்கலை நாளாகக் கொண்டாடுகிறது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மண்வெட்டி போன அழகைப் பாருங்கள்! லால்பாகில் க்ரும்பீகல் பெயர் தாங்கிய பழைய மண்டபம் 2017-இல் இடிபட்டது என்ற செய்தி வந்தபோது, அவரைப் பார்த்தே இராத எத்தனையோ பேர் வருந்தினார்கள்.

இப்போது கண்ணாடி மாளிகைக்குள் நுழையலாமா? குடியரசு தினத்தை ஒட்டி ஜனவரியில் ஒன்று, சுதந்திர தினத்தை ஒட்டி ஆகஸ்டில் ஒன்று. வருஷத்துக்கு இரண்டு மலர்க் கண்காட்சிகள், லட்சக்கணக்கில் கூட்டம். டிக்கெட் வாங்கி வரிசையில் வருபவர் பார்ப்பது பூவை. நாம் பார்க்கப்போவது அதற்கு முந்தைய மாதங்களை.

தொட்டிகளில் வரிசையாகச் சிரிக்கும் பெட்டூனியா இருக்கிறதே, அதன் விதை தூசியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஜனவரியில் பூக்க வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபரிலேயே விதைத்தாக வேண்டும். சால்வியாவும் கிட்டத்தட்ட அவ்வளவு நாள் எடுக்கும். செண்டுமல்லிக்கு இரண்டு மாதம் போதும். இப்படி ஒவ்வொன்றுக்கும் பின்னோக்கி நாள் எண்ணி விதைப்பார்கள். ஒரே நாளில் எல்லாம் பூத்துவிட்டால் கண்காட்சியின் கடைசி வாரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் நாலைந்து நாள் இடைவெளி விட்டுத் தொகுதி தொகுதியாகப் போடுவார்கள். முதல் மொட்டு அவசரப்பட்டு வந்தால் கொழுந்தைக் கிள்ளிவிடுவார்கள். கிள்ளிய இடத்தில் பக்கக் கிளைகள் வெடித்து, ஒரு பூவுக்குப் பதில் எட்டுப் பூ வரும். செம்மண், மக்கிய சாணம், இலைமக்கு, தேங்காய் நார்த்தூள் கலந்த கலவையை அள்ளி அள்ளித் தொட்டி நிரப்பும் பெண்களின் வேகம் பார்த்தால் கண் சுற்றும். பேச்சு பாதி கன்னடம், பாதி தமிழ், நடுவில் தெலுங்குச் சிரிப்பு!

சாமந்திக்குத் தனி மரியாதை. அது வெளிச்சத்தை அளந்து பூக்கிற செடி. பகல் நீளமாக இருக்கும்வரை இலையாகவே வளரும். பகல் சுருங்கினால்தான் மொட்டுக் கட்டும். பெங்களூரில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம் போல வித்தியாசம். நமக்கு உறைக்காத அந்த வித்தியாசம் சாமந்திக்கு நன்றாகத் தெரியும். ஜனவரிக் கண்காட்சியில் சாமந்தி தானாகவே ராணியாக உட்கார்வது இதனால்தான். ஆகஸ்டில் அந்த வசதி இல்லை, ஆகவே வேறு பூக்கள் மேடையேறும்.

கண்ணாடி மாளிகையின் நடுவில் எழும்பும் பெரிய பூ வடிவம்தான் எல்லோருடைய கைப்பேசியிலும் ஏறுவது. அதன் உள்ளே போய்ப் பார்த்தால் இரும்புச் சட்டம். சட்டத்தின் மேல் தண்ணீரில் ஊறவைத்த பச்சை ஸ்பாஞ்சு. அதில் காம்பைச் சாய்வாக வெட்டி ஒவ்வொரு பூவாகக் குத்துகிறார்கள். ஆயிரம் இரண்டாயிரம் இல்லை, லட்சக்கணக்கில்! சாரத்தில் உட்கார்ந்து மேலிருந்து கீழே வருவார்கள். கீழே ஒருவர் நிறம் பிரித்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். பெங்களூர்ச் சந்தைக்கு ரோஜா அனுப்புவதில் நம் ஓசூர்ப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் பங்கு உண்டு என்பதையும் பெருமையாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டம் போனபின் இரவில் வாடியதைப் பிடுங்கிப் புதுசு சொருகுவார்கள். பத்து நாளில் அந்த வடிவம் உடம்பு முழுக்கச் சட்டை மாற்றியிருக்கும். பார்த்தவர்களுக்குத் தெரியவே தெரியாது.

2022 ஆகஸ்டுக் கண்காட்சியை மறக்க முடியாது. கன்னட நடிகர் டாக்டர் ராஜ்குமாருக்கும், 2021 அக்டோபர் 29 அன்று நாற்பத்தாறு வயதில் மறைந்த அவர் மகன் புனீத் ராஜ்குமாருக்கும் பூவால் அஞ்சலி. எதைச் செய்தார்கள் தெரியுமா? சினிமா அரங்கையோ பட்டம் விருதுகளையோ முன்னால் வைக்காமல், ராஜ்குமார் குடும்பத்தின் கஜனூர் வீட்டைப் பூவால் கட்டினார்கள்! அந்தக் கஜனூர் இருப்பது நம் ஈரோடு மாவட்டத்தில், தாளவாடிப் பக்கம். ஒரு ஓட்டு வீடு, திண்ணை, அப்பா, மகன். வரிசையில் வந்த பெரியவர்கள் அந்த வீட்டின் முன்னால் கைகூப்பினார்கள். ஒரு கலைஞரை நினைக்கும்போது முதலில் அவர் வீட்டை நினைக்கத் தோன்றியதே, அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடித்தது. சில நாளில் வாடப்போகும் பூவில் இவ்வளவு பாடுபட்டு ஒரு வீடு கட்டுவது வீண்வேலை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கண்காட்சியோடு சேர்ந்து வீட்டுத் தோட்டங்களுக்கும் மாடித் தோட்டங்களுக்கும் போட்டி நடக்கும். நடுவர்கள் வருவதற்கு முந்தின வாரம் அந்த வீடுகளில் நடக்கும் அமளி இருக்கிறதே! பழுத்த இலை ஒன்று விடாமல் பொறுக்குவார்கள். தொட்டிக்குச் செம்மண் வண்ணம் பூசுவார்கள். அப்பா காலையில் பூவாளியோடு மாடியேறினால் காப்பி ஆறிப்போகும் வரை இறங்கமாட்டார். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் தெளித்துவிட்டு, மறுநாள் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பார். பேரப்பிள்ளைகளுக்கு அந்த வாரம் பந்து விளையாடத் தடை. ஜெயநகரிலும் மல்லேஸ்வரத்திலும் அல்சூரிலும் இப்படி எத்தனை அப்பாக்கள், தாத்தாக்கள்! ஒருவரும் வரலாற்றில் வரப்போவதில்லை. ஆனால் க்ரும்பீகலை உண்மையாகப் புரிந்துகொண்டவர்கள் இவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும். காலையில் செடியைப் பார்த்துவிட்டு வந்து பிள்ளையின் ஸ்கூல் பையைத் தூக்குகிற கை, இரண்டையும் ஒரே வேலையாகத்தான் செய்கிறது.

ஜனவரிக் கண்காட்சி முடிந்த மறுநாள் பார்க்க வேண்டும். இரும்புச் சட்டத்திலிருந்து வாடிய பூவைக் கூடை கூடையாக இறக்கி எருக்குழிக்கு அனுப்புகிறார்கள். தொட்டிகள் கவிழ்கின்றன, மண் வெயிலில் காய்கிறது. அதற்குள் ஆகஸ்டுக்கான பேச்சு தொடங்கியாயிற்று! அப்போது மழைக்காலம், பெட்டூனியா அழுகும், சாமந்தி ஒத்துழைக்காது. ஆகவே காசித்தும்பை, கோழிக்கொண்டை, வாடாமல்லி, ஜின்னியா. வெளியே குல்மொஹர் கொழுந்துவிட்டு எரியும் மே மாதத்தில் இந்த விதைகள் நாற்றுத்தட்டில் இறங்க வேண்டும். கோழிக்கொண்டையை மட்டும் இரண்டு தவணையாகப் போடுவார்கள், முதல் தவணை மழையில் சாய்ந்தாலும் இரண்டாவது கண்ணாடி மாளிகைக்குள் போக நிமிர்ந்து நிற்கட்டும் என்று.